பெயரிலேயே இருக்கிறது வரிசை
(மேட்டூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சிறியது. கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபைல்களைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்துவது எப்படி? அந்த வேலைக்கு ஷெல் ஸ்கிரிப்ட் எப்படிக் கைகொடுக்கும்? இவ்வளவுதான் பொருள். இதற்கு ஒரு கூட்டமா, ஒரு மேடையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதை மேட்டூரில்தான் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால், தமிழ்நாடே தினமும் ஏடு புரட்டிப் பார்க்கும் கணக்கு ஒன்று இந்த ஊரில்தான் பிறக்கிறது.

எந்தக் கணக்கு அது? அணையின் கணக்கு. காலை 8 மணி நிலவரம். நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி, திறந்துவிட்டது எத்தனை கன அடி, இருப்பு எத்தனை டிஎம்சி. தஞ்சாவூரில் ஒருவர், திருவாரூரில் ஒருவர், நாகப்பட்டினத்தில் ஒருவர், காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் முதலில் தேடுவது இந்த நான்கு எண்களைத்தான். 1925-இல் கட்டத் தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட அணை இது. முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு நாளைக்கு ஒரு ஃபைல் என்று வைத்துக்கொண்டால், 90 ஆண்டுக்கு 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள். அவ்வளவையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 'வரிசையாகக் காட்டு' என்று சொன்னால் என்ன வரிசையில் வரும்? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஷெல் என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். திரையில் படங்களைத் தொட்டு வேலை வாங்குவது ஒரு வழி. கட்டளையைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவது இன்னொரு வழி. அந்தக் கட்டளையை வாங்கி, புரிந்துகொண்டு, இயந்திரத்திடம் சொல்லும் நிரல்தான் ஷெல். யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய முதல் ஷெல் 1971-இல் வந்தது. ஸ்டீபன் போர்ன் எழுதியது 1979-இல் வந்தது. இன்று லினக்ஸில் நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் பாஷ், பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளியானது. திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுவே ஷெல் ஸ்கிரிப்ட். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் போதும், இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

இதில் இரண்டு கட்டளைகளைச் சொல்கிறேன். ஒன்று எல்எஸ். ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடும். இன்னொன்று சார்ட். கொடுத்த வரிகளை வரிசைப்படுத்தித் தரும். இரண்டும் எப்படி ஒப்பிடுகின்றன தெரியுமா? இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளும். இடப்பக்கத்திலிருந்து முதல் எழுத்தையும் முதல் எழுத்தையும் பார்க்கும். ஒன்றாக இருந்தால் அடுத்த எழுத்து. அதுவும் ஒன்றாக இருந்தால் அதற்கடுத்தது. எந்த இடத்தில் முதல் வேறுபாடு வருகிறதோ, அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பியும் பார்க்காது. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லும் எல்லாமே இந்த விதியிலிருந்துதான் பிறக்கிறது.

இப்போது அணைக்கு வருவோம். பாசனத்துக்கு அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. எல்லா ஆண்டும் அப்படி நடப்பதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2018-இல் ஜூலை 19. 2019-இல் ஆகஸ்ட் 13. 2020-இலும் 2021-இலும் ஜூன் 12. 2022-இல் மே 24, கோடையிலேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12. 2024-இல் ஜூலை 28. 2025-இல் மறுபடியும் ஜூன் 12. ஒவ்வொரு திறப்பு நாளுக்கும் ஒரு ஃபைல் வைத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாகத் தேதி எழுதுவது எப்படி? நாள், மாதம், ஆண்டு. அப்படியே பெயர் வைத்தாயிற்று. சார்ட் கட்டளையிடம் கொடுத்தாயிற்று. என்ன வந்தது?

12-06-2020
12-06-2021
12-06-2023
12-06-2025
13-08-2019
19-07-2018
24-05-2022
28-07-2024

பாருங்கள். 2025-க்குப் பிறகு 2019 வருகிறது. 2019-க்குப் பிறகு 2018 வருகிறது. ஜூலைக்குப் பிறகு மே வருகிறது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, அணை திறப்பு ஆண்டுக்கு ஆண்டு முந்துகிறதா, பிந்துகிறதா என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. இயந்திரம் பிழை செய்ததா? அதுவும் இல்லை. நாம் நாளை முன்னால் வைத்தோம், அது நாளைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியது.

அதே எட்டுப் பெயர்களையும் திருப்பி வையுங்கள். ஆண்டு முதலில், மாதம் நடுவில், நாள் கடைசியில்.

2018-07-19
2019-08-13
2020-06-12
2021-06-12
2022-05-24
2023-06-12
2024-07-28
2025-06-12

எந்தக் கட்டளையும் மாறவில்லை. பெயர் மாறியது, வரலாறு நேராக நின்றுவிட்டது. உலக அளவில் தேதி எழுதுவதற்கு 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் இந்த முறையைத்தான் சொல்கிறது. பெரியதை முன்னால் வை, சிறியதைப் பின்னால் வை. ஆண்டு பெரியது, மாதம் அதனிலும் சிறியது, நாள் அதனிலும் சிறியது. கடிதத்தில், பத்திரிகையில், கல்யாணப் பத்திரிகையில் எப்படி வேண்டுமானாலும் தேதி போடுங்கள். ஃபைல் பெயரில் மட்டும் ஆண்டை முன்னால் போடுங்கள் என்று இந்த அரங்கில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி ஆசிரியர்களிடம் இருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது எண். நம் அணையின் உபரிநீர்ப் போக்கியை நாம் என்னவென்று சொல்கிறோம்? 16 கண் மதகு. அணை நிரம்பி அந்தப் பதினாறு கண்ணிலும் தண்ணீர் பாயும் நாளில் ஊரே பாலத்தில் நிற்கும். ஒரு தம்பி ஒவ்வொரு கண்ணையும் படம் எடுத்து மதகு1, மதகு2 என்று மதகு16 வரை பெயர் வைக்கிறான். பட்டியல் கேட்கிறான். வருவது என்ன? முதலில் மதகு1. அடுத்து மதகு10. அதற்கடுத்து 11, 12, 13, 14, 15, 16. எல்லாம் முடிந்த பிறகு ஆற அமர மதகு2 வருகிறது! ஏன்? நம் விதிதான். ஒன்றையும் இரண்டையும் பார்த்தவுடன் தீர்ப்பு முடிந்துவிட்டது. ஒன்றுக்குப் பின்னால் ஒரு சுழி இருக்கிறதே, அதனால் அது பத்தாயிற்றே என்று எழுத்துக்கணக்குப் பார்க்கும் கட்டளைக்குத் தெரியாது.

படத்தில் இது சின்னத் தொல்லை. நீர்மட்டத்தில் வந்தால்? 39 அடியையும் 120 அடியையும் எழுத்தாக எடுத்து ஒப்பிட்டால், மூன்று ஒன்றைவிடப் பெரியது, ஆகவே 39 அடி 120 அடியைவிட மேலே! வற்றிக் கிடக்கும் அணை, நிரம்பித் ததும்பும் அணைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். குறுவைக்கு நாற்று விடலாமா, வேண்டாமா என்று பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு பட்டியல் கையில் போனால் என்ன ஆகும், எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வழி இரண்டு. கட்டளையிடம் சொல்வது ஒரு வழி. சார்ட் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும் சிறிய எழுத்து 'என்'னும் சேர்த்தால், வரியின் தொடக்கத்தில் உள்ளதை எண்ணாக மதித்து ஒப்பிடும். பெயருக்கு நடுவில் எண் வந்தால், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு தொகுப்பின் சார்ட்டுக்குப் பெரிய எழுத்து 'வி' கொடுங்கள். எல்எஸ் கட்டளைக்குச் சிறிய எழுத்து 'வி' கொடுங்கள். மதகு2 தன் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் இந்த வழி அந்தக் கட்டளையைக் கேட்கும்போது மட்டும்தான் செல்லும். நாளைக்கு அந்த ஃபோல்டரை வேறொருவர் வேறொரு நிரலில் திறந்தால் பழைய கதை திரும்பிவிடலாம்.

நான் விரும்புவது இரண்டாவது வழி. பெயரிலேயே முன்சுழி வைத்துவிடுவது. மதகு01, மதகு02. பதினாறு என்றால் இரண்டு இலக்கம். முப்பத்திரண்டாயிரம் என்றால் ஐந்து இலக்கம், 00001-இல் தொடங்குங்கள். இது ஏதோ கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்காதீர்கள். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பெயர்போன ஊர்கள். நாமக்கல் வண்டி டிஎன் 28, சங்ககிரி வண்டி டிஎன் 52. சரி, சென்னை வண்டியில் என்ன எழுதியிருக்கும்? டிஎன் 1 என்றா? டிஎன் 01. டிஎன் 9 என்றா? டிஎன் 09. எத்தனை ஆண்டாக அந்தச் சுழியை நாம் சாலையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! அது அழகுக்காக வைத்த சுழி இல்லை. எல்லா எண்ணும் ஒரே நீளத்தில் இருந்தால், எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும். ஷெல் ஸ்கிரிப்ட்டில் இதைச் செய்ய பிரின்ட்எஃப் என்ற கட்டளை இருக்கிறது. ஐந்து இலக்கம், வெற்றிடத்தில் சுழி என்று ஒருமுறை சொல்லிவிட்டால், முப்பத்திரண்டாயிரம் பெயரையும் அது எழுதிக்கொடுத்துவிடும்.

தேதியைப் பார்த்தோம், எண்ணைப் பார்த்தோம். இனி நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். தமிழ்.

ஒரு தம்பி என்னிடம் கேட்கலாம்: 'அய்யா, ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? ஏதாவது கெட்டுப்போகுமா?' வையுங்கள். தாராளமாக வையுங்கள். இன்றைய லினக்ஸில் யூனிகோடு தமிழ்ப் பெயர் எந்த இடரும் இல்லாமல் நிற்கும். ஆனால் வைத்த பிறகு வரிசை கேட்கிறோமே, அங்கேதான் கண் விழித்திருக்க வேண்டும்.

மூன்று மாதங்களைச் சொல்கிறேன். ஆனி, ஆடி, ஆவணி. மேற்கே மழை பெய்து, கபினி நிரம்பி, கிருஷ்ணராஜ சாகர் நிரம்பி, நம் அணைக்குத் தண்ணீர் வருமா வருமா என்று நாம் பார்த்திருக்கும் மாதங்கள். நடுவில் ஆடிப்பெருக்கு. இந்த மூன்று மாதக் கணக்கையும் மூன்று ஃபைலில் எழுதி, மாதத்தின் பெயரையே ஃபைலுக்கு வைக்கிறோம். இப்போது வரிசை என்ன?

பஞ்சாங்கத்தைக் கேட்டால்: ஆனி, ஆடி, ஆவணி.
தமிழ் அகராதியைக் கேட்டால்: ஆடி, ஆவணி, ஆனி.
கம்ப்யூட்டரை அதன் போக்கில் விட்டுக் கேட்டால்: ஆடி, ஆனி, ஆவணி.

மூன்று பெயர், மூன்று வரிசை, ஒன்றுபோல் ஒன்று இல்லை! பஞ்சாங்க வரிசை காலத்தின் வரிசை. அதைப் பெயரால் பெற முடியாது. மாதத்துக்கு எண் கொடுத்து 03-ஆனி, 04-ஆடி, 05-ஆவணி என்று வைத்தால் பெறலாம், அது தீர்ந்தது. ஆனால் அகராதியின் வரிசைக்கும் கம்ப்யூட்டரின் வரிசைக்கும் ஏன் வேறுபாடு? இரண்டும் தமிழ் எழுத்துதானே? இரண்டும் அகரத்தில்தானே தொடங்குகின்றன?

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். நம் முன்னோர் சொற்களைத் தொகுத்த நூல்கள் நிகண்டுகள். அவை தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகப் போகும். 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. பிறகு 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. முதல் எழுத்துக்குப் பின் இரண்டாம் எழுத்து, அதற்குப் பின் மூன்றாம் எழுத்து என்று அடுக்கும் முறை நமக்கு அங்கிருந்து வளர்ந்தது. இன்று சார்ட் கட்டளை செய்வது அதேதான்: முதல் வேறுபாடு வரும் வரை எழுத்து எழுத்தாகப் போவது. 1732-இல் கையால் செய்த வேலையை, இன்று ஒரு விநாடியில் கம்ப்யூட்டர் செய்கிறது. பின் எங்கே பிசகு?

எழுத்தின் வரிசையில் பிசகு. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. பள்ளியில் நாம் பாடிய வரிசை இது. றகரமும் னகரமும் கடைசியில் நிற்கும். ஆனால் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நிற்கும் இடம் வேறு. 1988-இல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக இஸ்கி என்ற குறியீட்டுத் தரம் வந்தது. அந்த மொழிகளின் எழுத்துகளை ஒரே சட்டத்தில் பொருத்தினார்கள். அந்தச் சட்டம் தேவநாகரிக்குப் பொருந்திய சட்டம். நகரத்துக்குப் பக்கத்தில் னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம், லகரத்துக்குப் பக்கத்தில் ளகரமும் ழகரமும், அதற்கும் பிறகு வகரம். 1991-இல் வந்த யூனிகோடு அந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. மொழிக்கு ஏற்ற வரிசை எது என்று சொல்லாமல் விட்டால், ஷெல் இந்த அட்டவணை எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும்.

நம் பக்கத்து ஊர்களை வைத்தே காட்டுகிறேன். ஐந்து ஊர். அணையின் நீர்ப்பரப்போரம் பண்ணவாடி. சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி. காவிரிக்கரையில் பரமத்தி வேலூர். தறி ஓடும் பள்ளிபாளையம். கூடுதுறை பவானி. ஐந்துக்கும் முதல் எழுத்து ஒன்றே. தமிழ் வரிசை என்ன?

பண்ணவாடி
பரமத்தி வேலூர்
பவானி
பள்ளிபாளையம்
பனமரத்துப்பட்டி

கம்ப்யூட்டர் தன் போக்கில் தருவது என்ன?

பண்ணவாடி
பனமரத்துப்பட்டி
பரமத்தி வேலூர்
பள்ளிபாளையம்
பவானி

கடைசியில் நிற்க வேண்டிய பனமரத்துப்பட்டி இரண்டாவதாக வந்துவிட்டது. மூன்றாவதாக நிற்க வேண்டிய பவானி கடைசிக்குப் போய்விட்டது. ஐந்து ஊராக இருப்பதால் கண்ணால் பார்த்துப் பிடித்துவிட்டோம். ஐயாயிரம் பெயர் உள்ள பட்டியலில் ஒருவர் தன் ஊரைத் தேடுகிறார். பகரத்தின் கடைசியில் தேடுகிறார். கிடைக்கவில்லை. 'என் ஊர் பட்டியலில் இல்லையே' என்று திரும்பிவிடுகிறார். ஊர் இருக்கிறது! அவர் கற்ற தமிழ் வரிசையில் அது இல்லை. இதை ஒரு சிறிய குறை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. பள்ளியில் ஒரு வரிசையைக் கற்பித்து, அரசுப் பட்டியலிலும் வங்கிப் பட்டியலிலும் வேறொரு வரிசையைக் காட்டினால், நம் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

புள்ளியின் கதையும் உண்டு. தமிழ் மரபில் மெய் முன்னே, உயிர்மெய் பின்னே. ஆகவே அகராதியில் அக்கா முதலில், அகம் அதற்குப் பிறகு. யூனிகோடு அட்டவணையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. ஆகவே அங்கே அகம் முதலில், அக்கா பிறகு. கிரந்த எழுத்தும் அப்படியே. ஜலகண்டாபுரம் நம் வரிசையில் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பிறகு, வாழப்பாடிக்கும் அப்பால் வர வேண்டும். அட்டவணை வரிசையில் சேலத்துக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் வந்து நிற்கும்.

இன்னொன்று சொல்கிறேன், இது கண்ணுக்கே தெரியாத பிசகு. நம் மேட்டூரை அடுத்த கொளத்தூர். 'கொ' என்பதைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் கொளத்தூர்தான். அச்சிலும் கொளத்தூர்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஊர். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பதுபோலத் தெரியும். வரிசைப்படுத்தினால் ஒன்று 'கொ'வில் நிற்கும், மற்றது 'கெ'யில் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன்னால் எல்லாப் பெயரையும் ஒரே விதப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, நோயைச் சொல்லிவிட்டாய், மருந்து என்ன என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஷெல்லுக்கு மொழிச்சூழல் என்று ஓர் அமைப்பு உண்டு. லோக்கேல் என்பார்கள். எந்த மொழி, எந்த நாடு, எந்த வரிசை என்று அதில் சொல்லலாம். சி என்ற வெற்றுச் சூழலில் விட்டால் அட்டவணை எண் வரிசை. இந்தியத் தமிழ் என்று சொன்னால் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழுக்கு எழுதிவைத்த வரிசை. முதலில் அந்தச் சூழல் நிறுவப்பட்டிருக்கிறதா என்று லோக்கேல் கட்டளையிலேயே பட்டியல் கேட்டுப் பாருங்கள். அது பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. ஒரு கம்ப்யூட்டரில் வந்த வரிசை இன்னொன்றில் வராமல் போகலாம். ஆகவே ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே எந்தச் சூழல் என்பதை எழுதிவிடுங்கள், கம்ப்யூட்டரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். எழுதிவிட்டு, நான் சொன்ன ஐந்து ஊரையும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். பவானி மூன்றாவதாக வந்தால் மெய்யெழுத்து வரிசை சரி. அக்காவையும் அகத்தையும் கொடுத்துப் பாருங்கள். அக்கா முன்னால் வந்தால் புள்ளியும் சரி.

வராவிட்டால்? நாமே செய்துகொள்வோம்! இதுதான் ஷெல் ஸ்கிரிப்ட்டின் அருமை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சாவி எழுத வேண்டும். உயிர் பன்னிரண்டுக்கும் 01 முதல் 12. ஆய்தத்துக்கு 13. மெய் பதினெட்டுக்கும் 21 முதல் 38. கிரந்தத்துக்கு 41 முதல். மெய்க்குப் பின்னால் என்ன வருகிறது என்பதற்கு இன்னும் இரண்டு இலக்கம். புள்ளி என்றால் 00, அகரம் என்றால் 01, ஆகாரம் என்றால் 02, இப்படியே. அகரம் ஏறிய மெய்க்கு யூனிகோடில் தனி உயிர்க்குறி கிடையாது, அதை மறக்காமல் நாமே சேர்க்க வேண்டும். இப்போது ணகரம் 26, ரகரம் 32, வகரம் 34, ளகரம் 36, னகரம் 38. நம் ஐந்து ஊரும் தாமாகவே அணிவகுத்து நிற்கின்றன. இந்த மாற்றத்தை செட் (எஸ்-இ-டி) என்ற கட்டளை செய்துகொடுக்கும். சாவியை வைத்து சார்ட் அடுக்கும். அடுக்கிய பின் கட் என்ற கட்டளை சாவியைக் கழற்றிவிடும். மூன்று கட்டளை, நடுவில் ஒன்றின் விளைவை அடுத்ததற்குக் கொடுக்கும் இரண்டு குழாய்க்கோடு. சாவி எழுதுவது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்துவிடும், ஏனென்றால் அதில் உள்ள அறிவு முழுவதும் தமிழ் நெடுங்கணக்கு. இயந்திரத்துக்குத் தெரியாததை நம் பிள்ளை அதற்குக் கற்பிக்கிறது.

எழுத்துக்கு எண் கொடுத்து அடுக்கும் இந்த எண்ணம் நம்முடைய அறிஞர்களுக்கும் வந்ததுதான். உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தந்து, தமிழ் வரிசையிலேயே குறியீட்டை அமைத்தார்கள். டேஸ் 16 என்ற அந்த முறையை, 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு தரமாக ஏற்றது. ஆனால் உலகம் முழுவதும் போனிலும் கம்ப்யூட்டரிலும் பரவி நிற்பது யூனிகோடுதான். ஆகவே யூனிகோடில் எழுதி, வரிசையை மட்டும் தமிழாக்கிக்கொள்வதுதான் நம் கைக்கு எட்டிய வழி என்பது என் முடிவு.

ஸ்கிரிப்ட் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு எச்சரிக்கை. பெயருக்கு நடுவில் இடைவெளி விட்டால் கவனம். பரமத்தி வேலூர் என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் ஷெல்லிடம் கொடுத்தால், பரமத்தி ஒரு ஃபைல், வேலூர் ஒரு ஃபைல் என்று அது இரண்டாகப் பிரித்துவிடும். ஸ்கிரிப்ட்டில் ஃபைல் பெயரைத் தாங்கி நிற்கும் மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். அடுத்தது, பெயர் மாற்றும் எம்வி கட்டளை. புதுப்பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், கேட்காமலே அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பழைய ஃபைல் போனது போனதுதான். லினக்ஸில் அதோடு கழித்தல் 'என்' சேர்த்தால் ஏறாது. அதற்கும் முன்னால், எம்வி என்பதற்கு முன்பாக எக்கோ என்று போட்டு, என்ன செய்யப்போகிறது என்பதைத் திரையில் எழுதிக்காட்டச் சொல்லுங்கள். வரி வரியாகப் படியுங்கள். சரி என்று பட்டால் எக்கோவை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

இந்த ஊரில் உடனே தொடங்க வேண்டிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிகிறது. மூழ்கிய தேவாலயத்தின் கோபுரம் தெரிகிறது. ஊரே போய்ப் படம் எடுக்கிறது. அந்தப் படங்கள் இன்று ஆயிரம் போன்களில் ஆயிரம் பெயரில் கிடக்கின்றன. பல போன் கேமராக்கள் படத்துக்கு வைக்கும் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்று சரியான வரிசையிலேயே தேதி இருக்கிறது. அதை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரிலும் ஒரு தேதி இருக்கும். அது படம் எடுத்த தேதி என்று நம்பிவிடாதீர்கள், அனுப்பிய அல்லது வந்துசேர்ந்த தேதி. ஆகவே எடுத்தவரிடமே மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயரில் ஆண்டு-மாதம்-நாள், அதற்குப் பிறகு அன்றைய நீர்மட்டம் மூன்று இலக்கத்தில், அதற்குப் பிறகு ஊரின் பெயர் தமிழில். 39 அடி என்றால் 039. தேதி கேட்டால் தேதி வரிசை கிடைக்கும். நீர்மட்டப் பகுதியைச் சாவியாகக் கொடுத்தால், எந்த மட்டத்தில் நந்தியின் தலை தெரிந்தது, எந்த மட்டத்தில் கோயில் முழுவதும் தெரிந்தது என்று அடி அடியாகப் படமே சொல்லும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் வைத்திருக்கிறோம். ஐந்து ஊர் ஸ்கிரிப்ட் அதில் இருக்கிறது. போனில் அணைப் படம் வைத்திருப்பவர்கள் முன்னால் வாங்க, பெயர் வைக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.